நாணலும் நாகசுரமும்

நாகசுரத்தின் இனிமையைப் புகழ்வோர் நம்மிற் பலர். அவ்வினிமை குழலின் எப்பகுதியிற் பிறக்கின்றது என்று வினவுவோர் மிகச் சிலர். நீண்ட மரக்குழலையும் அதன் அடியில் விரிந்து நிற்கும் அணசையும் கண்டு, ஓசை அங்கிருந்தே எழுகின்றது என்று எண்ணிவிடுகின்றோம். உண்மையில் உலவு என்னும் மரக்குழலும் அணசும் ஓசையை உருப்படுத்திப் பெருக்கித் தருவனவே அன்றி, அதனைப் பிறப்பிப்பன அல்ல. ஓசை பிறக்கும் இடம், வித்துவானின் உதடுகளுக்கிடையே மறைந்து கிடக்கும் விரற்கடை அளவான ஒரு புல். அப்புல்லுக்குச் சீவாளி என்று பெயர். அந்தப் புல்லின் கதையையும், அதனை வாயில் வைத்து ஊதிய மனிதரை உலகம் நடத்திய கதையையும் சேர்த்துச் சொல்லுதலே நம் நோக்கம். இரண்டும் வெவ்வேறு கதைகள் அல்ல என்பது போகப் போக விளங்கும்.

முதலிற் புல்லைப் பார்ப்போம். நாணல், கொறுக்கை, கொறுக்கச்சி, வேழம், பேய்க்கரும்பு என்று ஆற்றோரத்து நெடும்புற்களுக்குத் தமிழிற் பல பெயர்கள் வழங்குகின்றன. ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒரே பெயர் இரண்டு செடிகளுக்கு நிற்கும். அகராதியைப் புரட்டினாலோ, ஒன்றற்கு மற்றொன்றைப் பொருளாகக் கூறி நம்மைச் சுற்றி அலைய வைக்கும். இவையெல்லாம் புற்குடும்பத்தைச் சேர்ந்தவை. தண்டு உருண்டு, உள்ளே துளைபட்டோ நெட்டி போன்ற சோற்றுடனோ, கணுக்கணுவாய் வளர்வன. கோரை அத்தகையதன்று. அதன் தண்டு மூன்று பட்டையாய், கணுவின்றி, உள்ளே நிரம்பி நிற்கும். தாவர நூலார் அதனை வேறு குடும்பத்தில் வைப்பர். பழந்தமிழர் இப்புற்களை நன்கு கண்டிருந்தனர் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. ஐங்குறுநூற்றில் மருதம் பாடிய ஓரம்போகியார் வேழத்தை வைத்தே ஒரு பத்துப் பாடினார். அப்பகுதிக்கு வேழப்பத்து என்றே பெயர். யானைக்கும் வேழம் என்ற பெயர் உண்டு. கழனி ஓரத்துப் புல்லுக்கும் அரசர் ஏறும் விலங்குக்கும் ஒரே பெயரை வழங்கியவர் தமிழர்!

புல்லுக்கும் மரத்துக்கும் வேற்றுமை யாது என்ற வினாவுக்குத் தொல்காப்பியர் மரபியலில் விடை கூறியிருக்கிறார். வெளிப்புறத்தே வயிரம் உடையது புல். உட்புறத்தே வயிரம் உடையது மரம் என்பது அவர் கருத்து. இவ்விதிப்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினமே. ஆங்கிலப் பள்ளியில் தாவர நூல் பயின்ற நமக்கு, பனையும் புல்லும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று இக்காலத்தார் சொல்வதற்கு மிக அண்மையில் இக்கருத்து நிற்பது வியப்பாகவே இருந்தது. பண்டைத் தமிழர் எல்லா விஞ்ஞானமும் அறிந்திருந்தனர் என்று பறைசாற்றுவோர் கூட்டத்தில் நாம் சேர்ந்தவர் அல்லேம். ஆயினும் கண்ணால் ஊன்றிக் கண்டு சொல்லிய இவ்வொன்றைப் பாராட்டாமல் இருத்தல் முறையன்று. ஏனெனில், சீவாளியின் இரகசியம் முழுவதும் இந்தப் புறவயிரத்திலேயே அடங்கியிருக்கிறது. சிலிக்கா என்னும் மணற்சத்து புல்லின் புறத்தோலிற் படிந்து அதனைக் கெட்டியாக்குகின்றது. கெட்டியான அத்தோல் மெல்லியதாய்ச் சீவப்பட்ட பின்னும் வளையும், ஒடியாது. அழுத்தினால் மடங்கும், விட்டால் நிமிரும். மரச்சீவலுக்கு இக்குணம் இல்லை.

இக்குணத்தையே பாய் முடைவோரும் எழுதுகோல் செய்வோரும் வேறு வழியிற் பயன்படுத்தினர். திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையிலுள்ள பத்தமடை என்னும் ஊரில் இஸ்லாமியச் சகோதரர்கள், பெரும்பாலும் பெண்கள், கோரையை ஓடும் நீரில் ஊறவைத்து, நூலினும் நுண்ணிய இழையாகக் கிழித்துப் பாய் நெய்கின்றனர். மணமக்கள் பெயரையே இழையில் அமைத்து நெய்த பாய், மதம் வேறான வீட்டுத் திருமணத்திலும் விரிக்கப்படுகின்றது. மலாய் மக்களிடம் கோரைக்கு ஈடாக மெங்குவாங் என்னும் தாழையின் ஓலை உண்டு. எழுதுகோல் செய்தி இன்னும் சுவையானது. கிரேக்கர் நாணலைக் காலமோஸ் என்றனர். நாணலைச் சீவி எழுதுகோல் ஆக்கிய அராபியர் அதனைக் கலம் என்று வழங்க, அச்சொல் மலாய் மொழியிலும் வந்து அமர்ந்திருக்கிறது. ஓலையில் இரும்பு எழுத்தாணியாற் கீறிய நம் முன்னோர்க்கு நாணற்பேனா வேண்டியதில்லை. எனவே தமிழர் கையில் நாணல் எழுதவில்லை, பாடியது.

நிற்க. சீவாளி செய்யும் முறையைச் சிறிது விரித்துரைப்போம். காவிரி பாயும் தஞ்சைப் பகுதியில் திருவாவடுதுறை என்ற ஊர் சைவ மடத்தாற் பெயர் பெற்றது. நாகசுரக்காரரிடம் கேட்டால், சீவாளியாற் பெயர் பெற்றது என்பார். காவிரி, கொள்ளிடக் கரைகளில் வளரும் கொறுக்கையை முற்றிய பருவத்தில் அறுத்து நிழலிலும் வெயிலிலுமாக உலர்த்தி வைப்பர். இளந்தண்டு உதவாது, அளவுக்கு மீறிப் பருத்ததும் உதவாது. உலர்ந்த தண்டிற் கணு நீக்கிச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஊறவைத்தும் அவித்தும் பதப்படுத்துவர். பின்னர் ஒரு முனையைத் தட்டையாக்கி, இரண்டு இதழ்கள் நேரெதிராய்ப் படியும்படி அமைத்து, விளிம்பைச் சீவி, மறுமுனையை நூலாற் கட்டுவர். அம்முனை கெண்டை என்னும் சிறிய உலோகக் குழாயிற் பொருந்தும். கெண்டை மரக்குழலின் தலையிற் பொருந்தும். சீவாளி என்பதை ஜீவாளி என்று எழுதி, வாத்தியத்துக்கு உயிர் தருவது எனப் பொருள் விரிப்பாரும் உளர். சீவிச் செய்தமையாற் சீவாளி என்று கொள்வதே இயல்பு என்பது நம் எண்ணம். தொழிலாளியின் கத்தியை மறைத்து அங்கே வடமொழித் தத்துவம் ஒன்றை நிறுத்துவானேன்?

ஊதும்போது நிகழ்வது இதுதான். மூச்சு இரண்டு இதழ்களுக்கிடையே பாய்கின்றது, பாயும் வேகத்தால் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, புறவயிரத்தின் விறைப்பால் உடனே விரிகின்றன, மறுபடியும் ஒட்டுகின்றன. ஒரு விநாடிக்குள் இது நூற்றுக்கணக்கான முறை நிகழ்கின்றது. அத்துடிப்பே நாதம். நாகசுரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழே. மேல்நாட்டுக் கிளாரினெட்டில் இருப்பன போன்ற சாவிகள் ஒன்றும் இல்லை. இடைப்பட்ட சுரங்களையும், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகங்களையும் துளையைப் பாதி மூடியும், உதட்டாற் சீவாளியை அழுத்தியும் தளர்த்தியும், மூச்சைக் கூட்டியும் குறைத்துமே உண்டாக்க வேண்டும். தோடி இராகத்தை மணிக்கணக்காக விரித்த பேராசிரியர்கள் அதனை விரித்தது இந்தப் புல்லின் மேற்றான்.

உலர்ந்த சீவாளி பேசாது. வாசிப்பதற்கு முன் அதனை வாயிலிட்டு உமிழ்நீரால் நனைத்துப் பதப்படுத்த வேண்டும். வாசிக்கும் நேரமெல்லாம் அது நனைந்தபடியே இருக்க வேண்டும். இதனை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகின்றோம். எச்சில் என்றால் தீட்டு என்பது நம் வைதிகரின் முதற்பாடம். ஒருவர் கடித்த பழத்தை மற்றொருவர் தொடார். ஒருவர் வாய் வைத்த பாத்திரத்தைக் கழுவாமல் எடார். ஆயினும் சுவாமி புறப்பாட்டுக்கும், திருமணத்தில் தாலி கட்டும் வேளைக்கும் இந்த எச்சில் இசையே மங்கல இசை! இசை வேண்டும், அதனை எச்சிலில் நனைத்து எழுப்பும் மனிதர் மட்டும் எட்ட நிற்க வேண்டும் என்பது என்ன நியாயம்? வீணை, பிடில், மிருதங்கம், ஏன், புல்லாங்குழலையுங்கூட உயர்குலத்தார் எனப்பட்டோர் கைக்கொண்டு மேடை ஏறினர். நாகசுரத்தை மட்டும் மேளக்காரர் என்று அழைக்கப்பட்டவர்க்கும், மருத்துவர் குலத்தார்க்கும் விட்டுவைத்தனர்.

இஃது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோய் என்று கருத வேண்டா. அறிவுக்குத் தாயகம் என்று நம் பாடப்புத்தகங்கள் போற்றும் கிரேக்க நாட்டிலும் இதே கதை நடந்தது. அங்கே அவுலோஸ் என்று ஓர் ஊதுகருவி இருந்தது. நம் நாகசுரத்தைப் போலவே இரண்டு நாணல் இதழ்கள் துடித்து ஒலிப்பது. பெரும்பாலும் இரண்டு குழல்களை ஒருங்கே வாயில் வைத்து ஊதுவர். வேள்விக்கும் விருந்துக்கும் நாடகத்துக்கும் படை நடைக்கும் அஃது இன்றியமையாதது. அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ், தாம் எழுதிய தாவர வரலாற்றில் இதற்குரிய நாணலைப் பற்றி ஒரு பகுதியே எழுதி வைத்தார். போயோட்டியா நாட்டுக் கோப்பாயிஸ் ஏரியில் அந்நாணல் வளர்ந்தது. ஏரி பெருகி, நீர் நிலைத்து நின்ற காலத்திலேதான் அது நன்கு முற்றியது. பழங்காலத்தில் அதனைச் செப்டம்பர் மாதத்தை ஒட்டி அறுப்பர். அது வாசிப்புக்குப் பதப்படப் பல ஆண்டுகள் செல்லும். அந்திஜெனிதாஸ் என்னும் புகழ்பெற்ற வித்துவான் காலத்துக்குப் பின், வாசிக்கும் பாணி நெளிவு சுளிவு மிகுந்ததாய் மாறவே, நாணலைக் கோடையின் நடுவிலேயே அறுக்கத் தொடங்கினராம். அது விரைவிற் பதப்பட்டது. இசை மாறியதும் அறுவடை மாறிற்று என்பதை இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கேட்டறிந்து எழுதியிருக்கிறார். நாணல் அறுத்தவரிடமும் சீவியவரிடமும் போய் நின்று கேளாமல் இவற்றை எழுதியிருக்க இயலாது. பேராசிரியர் ஒருவர் தொழிலாளியிடம் பாடம் கேட்டதன் பயன் அப்பக்கங்கள் என்றே நாம் கொள்கின்றோம்.

ஆனால் அவருடைய ஆசிரியரும், ஆசிரியருக்கு ஆசிரியரும் வேறு நோக்கினர். பிளேட்டோ தம் இலட்சிய நகரில் அவுலோசுக்கு இடம் இல்லை என்றார். அரிஸ்டாட்டில், சுதந்திர மக்களின் பிள்ளைகளுக்கு அதனைக் கற்பித்தல் தகாது என்றார். ஏதென்சின் செல்வப் பிள்ளையான அல்சிபியாதிஸ், ஊதினால் முகம் கோணுகின்றது, வாய் அடைபடுகின்றது, பேசத் தெரியாத தீப்ஸ் நகரத்தார் பிள்ளைகள் ஊதட்டும் என்று சொல்லி மறுத்ததாகப் புளூட்டார்க் எழுதுகின்றார். விருந்துகளில் ஊதக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள் பலர் அடிமைகள். இசையைக் கேட்டு மகிழ்ந்த அதே வாய், இசைத்தவரை இழிவு பேசியது. எனினும் ஒன்று சொல்ல வேண்டும். தீப்ஸ் நகரப் பெரும்புலவர் பிண்டார், கி.மு. 490-இல் டெல்பியில் வென்ற மிதாஸ் என்ற அவுலோஸ் வித்துவானைப் பாடி வைத்தார். அவர் பெயர் இன்றும் நிற்கின்றது. கோப்பாயிஸ் ஏரியோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீர் வடிக்கப்பட்டு விளைநிலமாயிற்று.

இனி நம் நாட்டுக்கு மீள்வோம். தமிழ்நாட்டில் நாகசுரம் வாசிப்போர் இடுப்புக்கு மேல் சட்டையின்றி, துண்டைத் தோளில் இடாமல் இடுப்பிற் கட்டி, நின்றும் நடந்தும் வாசித்தல் வேண்டும் என்பது எழுதாச் சட்டமாய் இருந்தது. பிரபுக்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்க, வித்துவான் தெருவில் நின்று மணிக்கணக்காய் ஊதுவார். வியர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு போட்டாலும் குற்றம். 1930-ஆம் ஆண்டிற் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், மதுரைச் சிவக்கொழுந்து என்னும் நாகசுர வித்துவான் தோளில் துண்டோடு வாசித்தார். அதனை எடுக்குமாறு செல்வர் சிலர் வற்புறுத்தினர். சுயமரியாதை இயக்கத்துப் பட்டுக்கோட்டை அழகிரிசாமி, எடுக்க வேண்டா என்று சொல்லி அவர் பக்கம் நின்றார். ஒரு முழத் துண்டுக்கு ஒரு போராட்டம்! இன்றைய இளைஞர்க்கு இது நகைப்பாய்த் தோன்றலாம். துண்டு சிறிது, அதனை எடுக்கச் சொன்னவரின் எண்ணம் சிறிதன்று. பெரியார் ஈ.வெ.ரா. 1929 டிசம்பரிற் பினாங்கில் வந்திறங்கி இம்மலாயா நாட்டைச் சுற்றிப் பேசியதும் அக்காலத்தை ஒட்டியே. அவர் பேச்சைக் கேட்ட தோட்டத் தமிழர்க்குத் துண்டின் பொருளை எவரும் விளக்க வேண்டியிருந்திராது. துரைக்கு முன்னே தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர் அவர்கள்.

அழகிரிசாமி வெளியிலிருந்து செய்ததைத் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை உள்ளிருந்தே செய்தார். 1898-இற் பிறந்து 1956-இல் மறைந்த அவர், குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்தார். சட்டையும் கோட்டும் அணிந்தார். கச்சேரியில் மேடைமீது சமமாய் அமர்ந்து வாசித்தார். அவருடைய செருக்கைப் பற்றிக் கதைகள் பல உலவுகின்றன. அத்தனையும் மெய்யாயிருந்தாலும் நாம் வருந்தோம். தலைமுறை தலைமுறையாய்க் குனிந்த ஒரு கூட்டத்தில் ஒருவர் அளவுக்குச் சற்று மிகுதியாகவே நிமிர்ந்தால் என்ன? அவர் நிமிர்ந்தது உடையில் மட்டுமன்று, வாத்தியத்திலும் ஆகும். அதுவரை பெரிதும் வழங்கியது திமிரி என்னும் குட்டைக் குழல். அதன் சுருதி உச்சமானது. தெருவில் வெகுதூரம் கேட்பதற்கு ஏற்றது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியார் இராசரத்தினம் பிள்ளைக்காக நீண்ட பாரி நாகசுரத்தை ஆய்ந்து செய்து தந்தார். சுருதி தாழ்ந்தது, நாதம் கனத்தது, மண்டபத்துள் அமர்ந்து கேட்பார்க்கும் ஒலிபெருக்கிக்கும் பொருந்தியது. குழல் நீண்டதும் சீவாளியும் அதற்கேற்ப மாற வேண்டியதாயிற்று. இசை மாறியதும் புல் மாறிற்று என்று தியோபிராஸ்டஸ் ஏரிக்கரையிற் கண்டதைக் காவிரிக்கரையும் கண்டது.

இம்மாற்றத்தில் நலிந்தவரும் உண்டு. நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒத்து என்று ஒரு குழல் ஊதப்படும். அதற்கும் சீவாளி உண்டு, விரற்றுளை இல்லை. ஒரே சுரத்தை மூச்சு விடாமல் ஊதிக்கொண்டிருத்தலே ஒத்துக்காரர் வேலை. பெரும்பாலும் இளம்பிள்ளைகளே அதனைச் செய்து, கேட்டுக் கேட்டே இசை பயின்றனர். இராசரத்தினம் பிள்ளை ஒத்தை விடுத்துத் தம்புராவை வைத்தார். பின்பு சுருதிப் பெட்டி வந்தது. பெட்டிக்குள்ளும் நாக்குகளே துடிக்கின்றன; ஆனால் அவை பித்தளை. மேடைக்கு அது நன்மையாகவே முடிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒத்து ஊதிய பிள்ளைகள் எங்கே போயினர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

மேளக்காரர் என்றழைக்கப்பட்டோர் பின்னர் இசை வேளாளர் என்று தமக்குப் பெயர் பூண்டனர். அக்குலத்துப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை 1947-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் தடுத்தது. வாத்தியம் ஒரு குலத்தாரின் சொத்தாக நின்றுவிடவும் இல்லை. ஆந்திர நாட்டிற் கரவதி என்னும் ஊரில் 1924-இற் பிறந்த ஷேக் சின்ன மௌலானா திருவரங்கத்திற் குடியேறி, இஸ்லாமியராகவே இருந்து, நாகசுரத்தில் ஒப்பற்று விளங்கினார். 1998-இற் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்று, மறு ஆண்டு மறைந்தார். புல் எந்த மதத்தார் எச்சிலிலும் நனைந்து பாடும் என்பதை வைதிகர் அவர் வாசிப்பைக் கேட்டு ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

நாம் வாழும் இந்நாட்டிலும் அத்தகைய ஒரு குழல் உண்டு என்பதை நம்மவர் பலர் கவனிப்பதில்லை. கிளந்தான் மாநிலத்து வாயாங் கூலிட் நிழற்கூத்தில் மலாய்க் கலைஞர் ஊதும் செருனாய் அது. பாரசீகத்துச் சுர்னாய் என்னும் பெயரிலிருந்து வந்தது. அதற்குச் சீவாளி கொறுக்கை அன்று. பனையினத்து ஓலையை நறுக்கி அடுக்கிக் கட்டியது. பனையும் புல்லே என்னும் தொல்காப்பியர் வாக்குப்படி பார்த்தால், அதுவும் புல்லின் குரலே ஆகும்.

நம் தோட்டங்களிலோ மாரியம்மன் திருவிழா வந்தால் பட்டணத்திலிருந்து மேளம் வருவிக்கின்றோம். விழாக் குழுவார் அச்சிடும் நோட்டீசில் உபயக்காரர் பெயர்கள் முப்பதுக்குக் குறையா. தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள் கொட்டை எழுத்தில் நிற்கும். இரவெல்லாம் சுவாமிக்கு முன் நடந்து வாசிக்கும் இருவர், தவில் அடிக்கும் இருவர் ஆகியோர் பெயர்களுக்கு இடம் இராது. 'நாதஸ்வர இன்னிசை முழங்க' என்ற ஒரு தொடருக்குள் நால்வரும் அடங்குவர். இலை போடும்போதும் அவர்களைக் கடைசிப் பந்திக்கு நிறுத்திவைப்பதை நாம் ஒரு தோட்டத்திற் கண்டோம். துண்டை எவரும் எடுக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. நோட்டீசின் நகலைத் தட்டெழுதித் தரும் பொறுப்பு நம்மிடம் வந்த ஆண்டில் நால்வர் பெயரையும் கேட்டு வாங்கிச் சேர்த்தோம். இடம் போதாது என்று குழுவார் இருவர் முணுமுணுத்தனர். பின்பு உபயக்காரர் பட்டியலை இரண்டு பத்தியாய் அமைத்ததும் இடம் போதியது.

நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்திற் கடைந்து செய்யும் நாகசுரத்துக்கு 2022-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் முற்றிய ஆச்சா மரத்தையே தேடி வாங்கி அங்குள்ள ஆசாரிமார் குழல் செய்கின்றனர். அக்குழல் ஒரு வித்துவான் வாழ்நாளையும் கடந்து நிற்கும், மகனுக்குச் செல்லும். சீவாளிக்கு அவ்வாயுள் இல்லை. இதழ் பிளந்தாலோ விறைப்பு இழந்தாலோ எறிய வேண்டியதே. ஆகையாற்றான் நாகசுரத்தின் கழுத்தருகே மாற்றுச் சீவாளிகள் சில கயிற்றிற் கோக்கப்பட்டு, அவற்றைத் துப்புரவு செய்யும் ஊசியோடு தொங்குகின்றன. அழகுக்காகத் தொங்கவிட்ட குஞ்சம் என்று எண்ணும் பிள்ளைகள் உண்டு.

அந்த நால்வரில் மூத்தவரை, உங்கள் சீவாளி எங்கிருந்து வருகின்றது ஐயா என்று வினவினோம். ஊருக்குப் போய்வருவோர் கையில் திருவாவடுதுறையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கிவரச் சொல்வாராம். செய்தவர் பெயர் அவருக்குத் தெரியவில்லை. "பத்து வந்தா மூணு நாலுதாங்க தம்பி வாய்க்கு அமையும்; மத்ததைச் சீவிச் சீவிப் பாக்கணும்" என்று சொல்லி, ஒன்றை எடுத்து வாயில் நனைக்கத் தொடங்கினார்.